ஸ்கிரிப்டில் இல்லாத வாத்து: 1937-இன் ‘போர்க்கீஸ் டக் ஹன்ட்’ பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய கார்ட்டூன்களைப் பற்றிப் பேச்சு வந்தால் நான் கொஞ்சம் அதிகமாகவே பேசுவேன் என்பது தெரிந்தவர்களுக்குத் தெரியும். அப்படிப் பேசியபோது நண்பர்கள் கேட்டவை, அவர்கள் வீட்டுப் பிள்ளைகள் கேட்டவை, நானே எனக்குள் கேட்டுக்கொண்டவை எல்லாவற்றையும் சேர்த்து இங்கே எழுதியிருக்கிறேன்.

எந்தப் படம் இது?

1937 ஏப்ரல் 17 அன்று அமெரிக்கத் திரையரங்குகளுக்கு வந்த ‘போர்க்கீஸ் டக் ஹன்ட்’. போர்க்கியின் வாத்து வேட்டை என்று தமிழில் சொல்லிக்கொள்ளலாம். வார்னர் பிரதர்ஸ் வெளியிட்ட லூனி ட்யூன்ஸ் வரிசையில் வந்த கருப்பு வெள்ளைக் குறும்படம். ஒன்பது நிமிடத்தைத் தாண்டாது. நாயகன் போர்க்கி பிக், திக்கித் திக்கிப் பேசும் குண்டுப் பன்றி. போஸ்டரிலும் அவன் பெயர், தலைப்பிலும் அவன் பெயர். ஆனால் இன்று இந்தப் படத்தை யாராவது தேடிப் பார்க்கிறார்கள் என்றால், அதில் பெயர்கூட இல்லாமல் வந்துபோன ஒரு கருப்பு வாத்துக்காகத்தான். அந்த வாத்துதான் டாஃபி டக்.

கதை என்ன?

பெரிய கதை ஒன்றும் இல்லை. போர்க்கி வேட்டை உடுப்பை மாட்டிக்கொண்டு, துப்பாக்கியைத் துடைத்து வைத்துக்கொண்டு, வாத்து சுடக் கிளம்புகிறான். கூட ஒரு நாய். அதன் பெயர் ரின் டின் டின். 1920-களில் இதே வார்னர் நிறுவனத்துக்குப் பணத்தைக் கொட்டிய நிஜ நட்சத்திர நாயின் பெயர் அது. கார்ட்டூன் நாயோ ஒன்றுக்கும் உதவாதது. அன்றைய பார்வையாளர்கள் பெயரைக் கேட்டதுமே சிரித்திருப்பார்கள்.

வீட்டிலேயே துப்பாக்கி தவறுதலாக வெடித்து, கூரையைத் துளைத்துக்கொண்டு மாடி வீட்டுக்காரரைப் பதம் பார்க்கிறது. அவர் இறங்கி வந்து போர்க்கியின் முகத்தில் ஒரு குத்து விட்டுவிட்டுப் போகிறார். பிறகு ஏரி. ஒரே ஒரு வாத்து பறந்து வருகிறது. அதுவரை வெறுமையாக இருந்த கரையில் புதருக்குப் புதர் வேட்டைக்காரர்கள் எழுந்து நின்று சுடுகிறார்கள். ஒரு குண்டும் படவில்லை. அவர்களில் ஒருவருக்கு மாறுகண். அவர் சுட்டதும் வானத்திலிருந்து இரண்டு விமானங்கள் விழுகின்றன. தண்ணீரில் மது கலந்துவிட, மீன்களுக்குப் போதை தலைக்கேறி ‘மூன்லைட் பே’ என்ற பழைய பாட்டைச் சேர்ந்து பாடுகின்றன.

கடைசியில் போர்க்கி வெறுங்கையோடு வீடு திரும்புகிறான். ஜன்னலுக்கு வெளியே வாத்துகள் வந்து அவனைச் சீண்டுகின்றன. துப்பாக்கியில் குண்டு தீர்ந்துவிட்டது. வெறுப்பில் அதைத் தரையில் வீசுகிறான். இல்லாத குண்டு வெடித்து, மறுபடியும் மாடி வீட்டுக்காரர்.

இதில் டாஃபி எங்கே வருகிறது?

ஏரிக் காட்சிகளில். மொத்தமாகக் கூட்டினால் வாத்து திரையில் இருக்கும் நேரம் மிகக் குறைவு. அது பேசும் வசனங்களை ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம். அதில் ஒரு காட்சியைத்தான் நான் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்ப்பேன்.

போர்க்கி சுடுகிறான். வாத்து தண்ணீரில் விழுகிறது. வேட்டைக் கதையில் அடுத்து நடக்க வேண்டியது எல்லாருக்கும் தெரியும்: நாய் நீந்திப் போய் வாத்தைக் கவ்விக்கொண்டு வரவேண்டும். நாயும் போகிறது. தண்ணீரில் ஏதோ அமளி. பிறகு பார்த்தால் வாத்து நாயை இழுத்துக்கொண்டு கரைக்கு வருகிறது. நாயைக் கரையில் போட்டுவிட்டுத் திரும்புகிறது.

போர்க்கிக்கு ஒன்றும் புரியவில்லை. ஒரு கட்டுக் காகிதத்தை எடுத்துப் புரட்டுகிறான். அது படத்தின் ஸ்கிரிப்ட்! இது இதில் இல்லையே என்று திக்கித் திணறி முறையிடுகிறான். வாத்து அசரவில்லை. அதற்காக மனசை அலட்டிக்கொள்ளாதீர்கள் கேப்டன், நான் வெறும் கிறுக்குப் பிடித்த வாத்து என்ற பொருளில் ஒரு பதில் சொல்கிறது. சொல்லி முடித்த அதே மூச்சில் ‘ஹூ ஹூ’ என்று கூவிக்கொண்டு துள்ளி, குட்டிக்கரணம் அடித்து, சுழன்று, தண்ணீரின் மேல் தரையில் ஓடுவதுபோல ஓடி அடிவானத்துக்குப் போய்விடுகிறது.

அது ஓடும் விதத்தில் எந்த ஒழுங்கும் இல்லை. துரத்த யாரும் இல்லை, அதனால் பயத்தில் ஓடவில்லை. ஜெயித்த மகிழ்ச்சி என்றும் சொல்ல முடியாது. ஓடவேண்டும் என்று தோன்றியது, ஓடுகிறது. அதுவரை வந்த கார்ட்டூன்களில் பாத்திரங்கள் துள்ளாமல் இல்லை. ஆனால் தாளத்துக்குத் துள்ளின, அல்லது ஒரு காரணத்துக்காகத் துள்ளின. இந்த வாத்துக்குக் காரணமும் வேண்டியிருக்கவில்லை, தாளமும் வேண்டியிருக்கவில்லை.

படம் முடிந்த பிறகும் அது போகவில்லை. ‘அவ்வளவுதான் மக்களே’ என்ற வழக்கமான முடிவு அட்டை வந்ததும், அந்த எழுத்துகளைச் சுற்றியும் மேலேயும் வாத்து குதித்துக்கொண்டே இருக்கிறது. கதைக்குள் மட்டும் இல்லை, டைட்டில் அட்டைக்குள்ளும் அதை அடக்க முடியவில்லை.

படத்தில் அதை ‘டாஃபி’ என்று யாராவது கூப்பிடுகிறார்களா?

இல்லை. ஆங்கிலத்தில் ‘டாஃபி’ என்றால் கிறுக்கு, கோமாளித்தனம் என்று பொருள். 1938-இன் தொடக்கத்தில் வெளிவந்த ‘டாஃபி டக் அண்ட் எக்ஹெட்’ படத்தில்தான் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. அது வண்ணப்படம். அதிலும் இயக்குநர் இவரேதான்.

‘இவர்’ யார்? டாஃபியை உருவாக்கியவர் யார்?

இயக்குநர் டெக்ஸ் ஏவரி. இயற்பெயர் ஃபிரெட், டெக்ஸஸ் மாநிலத்தில் டெய்லர் என்ற ஊரில் 1908-இல் பிறந்தவர். 1935-இல் லியோன் ஷ்லெசிங்கரின் ஸ்டூடியோவில் சேர்ந்தார். ஷ்லெசிங்கர்தான் படங்களைத் தயாரித்து வார்னருக்குக் கொடுத்துவந்தவர். அதற்கு முன் வேறொரு ஸ்டூடியோவில் வேலை செய்தபோது சக ஊழியர்களின் விளையாட்டில் ஒரு காகிதக் கிளிப் பறந்துவந்து பட்டு ஏவரிக்கு ஒரு கண்ணில் பார்வை போயிருந்தது. மாறுகண் வேட்டைக்காரர் நகைச்சுவையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இது நினைவுக்கு வரும். இரண்டுக்கும் தொடர்பு உண்டு என்று சொல்லவில்லை, நினைவுக்கு வரும் என்றுதான் சொல்கிறேன்.

ஆனால் ‘உருவாக்கியவர் ஒருவர்’ என்று எழுதினால் அது பாதி உண்மை. அந்த ஓட்டத்தை, வாத்து ‘ஹூ ஹூ’ என்று கூவிப் போகும் அந்தச் சில நொடிகளை, வரைந்தவர் பாப் கிளாம்பெட் என்ற இளைஞர். அதே ஆண்டில் அவரும் இயக்குநராகிவிட்டார். தியேட்டரை விட்டு வெளியே வந்தவர்கள் அந்தக் கிறுக்கு வாத்தைப் பற்றியே பேசிக்கொண்டு போனார்கள் என்று பின்னாளில் அவர் நினைவுகூர்ந்திருக்கிறார். அன்றைக்கு டைட்டிலில் ஓரிரு அனிமேட்டர்களின் பெயரை மட்டுமே போடுவார்கள். மற்றவர்களின் உழைப்பு பெயரில்லாமல் போகும். அதனால்தான் இந்தப் பாத்திரங்களை யார் படைத்தார்கள் என்ற தகராறு அவர்கள் முதியவர்களான பிறகும் ஓயவில்லை.

என் கணக்கு இது: நிலைமை ஏவரியுடையது, உடல் கிளாம்பெட்டுடையது, குரல் மெல் பிளாங்க்குடையது. மூன்றில் எது குறைந்திருந்தாலும் அந்த வாத்து ஒரு படத்தோடு போயிருக்கும்.

‘கறையான் மாடி’ என்று சொல்கிறார்களே, அது என்ன?

ஏவரிக்கும் அவருடைய குழுவுக்கும் கொடுக்கப்பட்ட இடம். ஹாலிவுட்டில் சன்செட் புல்வார்டில் இருந்த வார்னர் வளாகத்தில் ஒரு பழைய மரக்கட்டடம். கறையான் அரித்துக் கிடந்ததால் அங்கே வேலை செய்தவர்களே வைத்த பட்டப்பெயர் ‘டெர்மைட் டெரஸ்’. கிளாம்பெட், பின்னாளில் இயக்குநரான சக் ஜோன்ஸ் போன்ற அனிமேட்டர்கள் எல்லாம் அங்கேதான் ஏவரியோடு இருந்தார்கள். முதலாளியின் அறையிலிருந்து தள்ளி இருந்ததால் யாரும் வந்து எட்டிப்பார்க்கவில்லை. அந்த அரைச் சுதந்திரம் படங்களில் தெரிகிறது.

போர்க்கியின் குரல் இந்தப் படத்தில்தான் மாறியதாமே?

ஆமாம். டாஃபியின் வருகையை விட இது முக்கியம் என்று வாதாடுபவர்களும் உண்டு.

போர்க்கி முதலில் தோன்றியது 1935 மார்ச்சில், ஃபிரிஸ் ஃபிரீலெங் இயக்கிய ‘ஐ ஹேவன்ட் காட் எ ஹேட்’ படத்தில். அப்போது குரல் கொடுத்தவர் ஜோ டௌஹர்ட்டி. அவருக்கு உண்மையிலேயே திக்குவாய். வேண்டிய இடத்தில் திக்கி, வேண்டிய இடத்தில் நிறுத்த அவரால் முடியவில்லை. ஒரு வசனத்துக்கு அடிக்கணக்கில் பிலிம் ஓடியது. ஒலிப்பதிவுச் செலவு ஏறியது. கடைசியில் அவரை மாற்றிவிட்டார்கள்.

இதை எழுதும்போது எனக்குக் கொஞ்சம் சங்கடமாகத்தான் இருக்கிறது. ஒரு மனிதரின் பேச்சுக் குறையை வேடிக்கையாக்கி விற்றார்கள். அந்தக் குறை நிஜமானது, கட்டுப்படாதது என்பதாலேயே பிறகு அவரை வெளியே அனுப்பினார்கள். திக்குவாயை வைத்துச் சிரிப்பு மூட்டும் பழக்கம் நம் படங்களிலும் உண்டு என்பதால் அமெரிக்காவை மட்டும் குற்றம் சொல்லவும் வாய் வரவில்லை.

அவருக்குப் பதிலாக வந்தவர் மெல் பிளாங்க். 1908-இல் பிறந்தவர், வானொலி நாடகங்களில் பழகியவர். போர்க்கியாக அவர் பேசிய முதல் படம் இதுதான். திக்குவதை அவர் ஒரு தாளமாக்கினார். போர்க்கி ஒரு சொல்லில் மாட்டிக்கொண்டு, தத்தளித்து, கடைசியில் அதைக் கைவிட்டு வேறு சொல்லால் வாக்கியத்தை முடிப்பான். வாய் ஒரு பக்கம் தடுமாற, மூளை குறுக்கு வழி தேடிக் கண்டுபிடிக்கிறது. சிரிப்பு அந்தத் தேடலில் இருக்கிறது. அதே படத்தில் வாத்துக்கும் அவரேதான் குரல். ஆக, அந்த ஸ்கிரிப்ட் காட்சியில் முறையிடுவதும் அவர்தான், அதை அலட்சியமாகத் தள்ளிவிட்டு ஓடுவதும் அவர்தான். 1989-இல் இறக்கும்வரை இரண்டு பாத்திரங்களும் அவரிடமே இருந்தன.

டாஃபியின் எச்சில் தெறிக்கும் உச்சரிப்பு எங்கிருந்து வந்தது?

இரண்டு கதைகள். நீளமான அலகு இருப்பதால் ‘ஸ’ ஒலி அப்படித்தான் வரும் என்று யோசித்துச் செய்ததாக பிளாங்க் சொல்வார். முதலாளி ஷ்லெசிங்கரே அப்படித்தான் பேசுவார், அவரைப் பார்த்துத்தான் செய்தார்கள் என்பது சக் ஜோன்ஸ் சொன்னது. முதலாளிக்குப் போட்டுக் காட்டுவதற்கு முன் எல்லாரும் ராஜினாமாக் கடிதத்தோடு தயாராக இருந்தார்களாம். அவர் பார்த்துச் சிரித்துவிட்டு, அதே உச்சரிப்பில், இந்தக் குரலை எங்கே பிடித்தீர்கள் என்று கேட்டாராம். ஜோன்ஸ் நல்ல கதைசொல்லி. அதனால் கால் பங்கு தள்ளுபடி செய்துவிட்டுக் கேட்கவேண்டும்.

குரலில் இன்னொரு வேலையும் உண்டு. பிளாங்க் பேசிய ஒலியைக் கொஞ்சம் வேகப்படுத்தி ஓட்டினார்கள். அதனால் அவருடைய இயல்பான குரலைவிடக் கீச்சென்று கேட்கும். ‘ஹூ ஹூ’ என்பதற்கு மூலம் ஹ்யூ ஹெர்பெர்ட் என்ற நகைச்சுவை நடிகர். வார்னர் படங்களில் பதற்றமான பெரிய மனிதராக வந்து, விரல்களை ஆட்டிக்கொண்டு மெதுவாக ‘ஹூ ஹூ’ என்பார். அந்த மெல்லிய முனகலை எடுத்து அலறலாக்கிவிட்டார்கள்.

1937-இல் வண்ணம் வந்துவிட்டதே, பிறகு ஏன் கருப்பு வெள்ளை?

காசு. வார்னருக்காக ஷ்லெசிங்கர் இரண்டு வரிசைகள் நடத்தினார். மெர்ரி மெலடீஸ் 1934-லிருந்து வண்ணத்துக்குப் போய்விட்டது. லூனி ட்யூன்ஸ் 1943 வரை பெரும்பாலும் கருப்பு வெள்ளையிலேயே ஓடியது, அதற்குப் பட்ஜெட்டும் குறைவு. போர்க்கி அந்த இரண்டாம் வரிசையின் நட்சத்திரம். வீட்டில் மூத்தவனுக்குப் புதுச் சட்டை, இளையவனுக்கு அவன் போட்டது என்பதுபோலத்தான்.

ஆனால் அந்த இளையவனுக்குத்தான் தெருவில் ஆட்டம் அதிகம். மெர்ரி மெலடீஸ் வார்னருக்குச் சொந்தமான பாட்டு ஒன்றைப் படத்தில் சேர்த்தாக வேண்டியிருந்தது. அதற்காகக் கதை நின்று பாட்டு ஓடும். லூனி ட்யூன்ஸில் அந்தக் கட்டாயம் கிடையாது.

இந்த வாத்துக்கு மட்டும் கருப்பு வெள்ளை நன்மையாகவே முடிந்தது என்பது என் எண்ணம். சாம்பல் ஏரி, சாம்பல் வானம், சாம்பல் புதர். நடுவில் மசியைக் கொட்டியதுபோல ஒரு கருப்பு உருவம், கழுத்தில் மட்டும் வெள்ளை வளையம். அது எவ்வளவு வேகமாகச் சுழன்றாலும் கண் அதை விடாது.

எனக்கு வண்ணத்தில் பார்த்த நினைவு இருக்கிறதே?

பொய் நினைவு இல்லை. தொலைக்காட்சிகள் கருப்பு வெள்ளையை வாங்கத் தயங்கியதால், 1960-களின் கடைசியில் பல பழைய லூனி ட்யூன்ஸ் படங்களைத் தென் கொரியாவில் சட்டகம் சட்டகமாக (ஃபிரேம் ஃபிரேமாக) பார்த்து மறுபடி வரைந்து வண்ணம் பூசினார்கள். செலவை மிச்சம் பிடிக்க எத்தனையோ ஓவியங்களை விட்டுவிட்டார்கள். ஒரு நொடிக்கு 24 சட்டகம், ஓர் ஓவியத்தை இரண்டு சட்டகத்துக்கு வைத்தாலும் நிமிடத்துக்கு 720 ஓவியம் வேண்டும். அதில் கை வைத்தால் முதலில் சாவது வேகம்தான். வேகம் போனால் இந்த வாத்திடம் மிச்சம் என்ன இருக்கிறது? 1990-களில் கணினி மூலம் வண்ணம் ஏற்றிய பதிப்புகள் வந்தன. அவற்றில் அசைவு கெடவில்லை, நிறம்தான் உறுத்தும். கார்ட்டூன் நெட்வொர்க் பார்த்து வளர்ந்த நம் தலைமுறைக்கு டாஃபி பழக்கமானது பெரும்பாலும் 1950-களின் வண்ணப் படங்கள் வழியாக. அந்த டாஃபி வேறு ஆள், கீழே சொல்கிறேன்.

மூலக் கருப்பு வெள்ளையிலேயே பார்க்க விரும்பினால் 2017-இல் வெளிவந்த ‘போர்க்கி பிக் 101’ டிவிடி தொகுப்பைத் தேடுங்கள்.

இசை யார்?

கார்ல் ஸ்டாலிங். ஊமைப்படக் காலத்தில் தியேட்டரில் உட்கார்ந்து வாசித்தவர், பிறகு டிஸ்னியிடம் இருந்தார், 1936-இல் ஷ்லெசிங்கரிடம் வந்தார். லூனி ட்யூன்ஸ் என்றதும் எல்லாருக்கும் காதில் ஒலிக்கும் அந்த முகப்பு இசை இந்தப் படத்தில் இல்லை. அது ‘தி மெர்ரி கோ ரவுண்ட் ப்ரோக் டவுன்’ என்ற பாட்டு, அதே 1937-இல் சில மாதம் கழித்துத்தான் முகப்புக்கு வந்தது. அடுத்த ஆண்டு டாஃபியே அதைத் தன் சொந்த வரிகளோடு பாடும்.

டொனால்ட் டக்கைப் பார்த்துக் காப்பியடித்ததா?

டொனால்ட் மூத்தவர். 1934-இல் ‘தி வைஸ் லிட்டில் ஹென்’ படத்தில் வந்துவிட்டார். வாத்து நகைச்சுவைக்குச் சந்தை இருக்கிறது என்று வார்னர்காரர்களுக்குத் தெரியாமல் இருந்திருக்காது. அதற்கு மேல் ஒற்றுமை இல்லை. டொனால்டை உலகம் கோபப்படுத்தும். 1937-இன் டாஃபியை யாரும் எதுவும் செய்துவிட முடியாது, அது மற்றவர்களைக் கோபப்படுத்தும். 1988-இல் வந்த ‘ஹூ ஃபிரேம்ட் ராஜர் ராபிட்’ படத்தில் இரண்டும் எதிரெதிரே பியானோ வாசித்து மோதிக்கொள்ளும்.

பக்ஸ் பன்னிக்கும் இந்தப் படத்துக்கும் என்ன உறவு?

கிட்டத்தட்ட ஒரே வயிற்றுப் பிள்ளைகள். வாத்து ஓடியதைப் பார்த்த ஸ்டூடியோ, ஒரே ஆண்டில் அதே கதையை எடுத்து வாத்தைத் தூக்கிவிட்டு முயலைப் போட்டது. 1938 ஏப்ரலில் வந்த ‘போர்க்கீஸ் ஹேர் ஹன்ட்’. தலைப்பைப் பாருங்கள், ஒரு சொல்தான் மாறியிருக்கிறது. அதே போர்க்கி, அதே துப்பாக்கி, அதே கிறுக்குத்தனம். கிட்டத்தட்ட முயல் உடுப்பு போட்ட டாஃபி. அதை இயக்கியவர்களில் ஒருவரான பென் ஹார்டவே பிறகு வால்டர் லான்ட்ஸ் ஸ்டூடியோவுக்குப் போனார். அங்கே 1940-இல் வந்த உட்டி உட்பெக்கர் என்ற மரங்கொத்தியிடமும் இதே பித்து இருக்கிறது.

முயல் சொந்தக் குணத்தோடு நாம் அறிந்த பக்ஸ் பன்னியானது 1940 ஜூலையில், ‘எ வைல்ட் ஹேர்’ படத்தில். இயக்கியவர் மறுபடியும் ஏவரி. இந்தத் தடவை அவர் செய்தது நேரெதிர்: துப்பாக்கி முகத்துக்கு நேரே நீளும்போது முயல் துள்ளவில்லை, கேரட்டைக் கடித்துக்கொண்டு, என்ன விஷயம் டாக்டர் என்று கேட்கிறது. வேட்டைக்காரனுக்கு அடங்காத இரை என்பதுதான் இரண்டிலும் கரு. ஒன்று கலவரத்தால் தப்பிக்கிறது, மற்றது நிதானத்தால்.

நான் பார்த்த டாஃபி பேராசைக்காரன், பொறாமைக்காரன், எப்போதும் அடி வாங்குபவன். இது அதே வாத்துதானா?

பெயரும் குரலும் அதே. குணம் இடம் மாறிவிட்டது. பக்ஸ் பெரிய நட்சத்திரமானதும் கலகக்காரன் நாற்காலி அவருக்குப் போய்விட்டது. டாஃபிக்கு மிஞ்சியது இரண்டாம் இடம். அந்த எரிச்சலையே 1950-களில் சக் ஜோன்ஸ் குணமாக்கினார். ‘ராபிட் ஃபயர்’ (1951) தொடங்கி மூன்று வேட்டைப் படங்கள். இது முயல் பருவமா வாத்துப் பருவமா என்று பக்ஸும் டாஃபியும் வாதாடுவார்கள். வாதம் முடியும்போது துப்பாக்கி டாஃபியின் முகத்தில் வெடிக்கும், அலகு பின்பக்கம் திரும்பிக்கொள்ளும். 1937-இல் ஒரு குண்டும் படாத வாத்து!

இடையில் 1940-இல் ஃபிரீலெங் எடுத்த ‘யூ ஆட் டு பி இன் பிக்சர்ஸ்’ என்ற படம் இருக்கிறது. அதில் டாஃபி போர்க்கியின் மனத்தைக் கலைத்து, ஒப்பந்தத்தை முறித்துக்கொள்ள வைத்து, அவன் இடத்தைப் பிடிக்கப் பார்க்கிறது. நிஜ ஷ்லெசிங்கரே திரையில் வந்து நடிக்கிறார். பொறாமைக்காரன் வித்து அங்கேயே விழுந்துவிட்டது.

எல்லாவற்றுக்கும் மேலே 1953-இன் ‘டக் அமக்’. டாஃபி வாளோடு வீரனாக வருகிறது, பின்னணி ஓவியம் பாதியில் தீர்ந்துவிடுகிறது. பண்ணை உடுப்பு மாட்டிக்கொண்டு வந்தால் பின்னால் பனி பெய்கிறது. ஒலியை எடுத்துவிடுகிறார்கள். வாத்தையே ரப்பரால் அழித்துவிடுகிறார்கள். ஒரு காட்சி எப்படி நடக்கவேண்டுமோ அப்படி நடத்துங்கள் என்று டாஃபி கெஞ்சிக் கத்துகிறது. 1937-இல் காகிதத்தைப் பிடித்துக்கொண்டு போர்க்கி முறையிட்டானே, அந்த முறையீடு இப்போது வாத்தின் வாயில். ஸ்கிரிப்டை மதிக்காமல் தண்ணீர் மேல் ஓடியவனுக்கு, பதினாறு ஆண்டு கழித்து ஸ்கிரிப்டே இல்லாத வெள்ளைத் தாள். இந்த இரண்டு படங்களையும் ஒரே மாலையில் அடுத்தடுத்துப் பார்க்கவேண்டும். ‘டக் அமக்’ 1999-இல் அமெரிக்காவின் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் சேர்ந்தது.

குழந்தைகளுக்குக் காட்டலாமா?

இந்தப் படங்கள் குழந்தைகளுக்காக எடுக்கப்பட்டவை அல்ல. தியேட்டரில் செய்திச் சுருளுக்கும் முழுநீளப் படத்துக்கும் நடுவே, எல்லா வயதினரும் உட்கார்ந்திருக்கும் கூட்டத்துக்கு ஓட்டப்பட்டவை. துப்பாக்கி எடுத்ததற்கெல்லாம் வெடிக்கும், மீன்கள் குடித்துவிட்டுப் பாடும், அண்டை வீட்டார் குத்துவார். யாரும் சாவதில்லை, இரத்தம் இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள், கேள்வி கேட்டால் பதில் சொல்லுங்கள். திக்கிப் பேசும் பிள்ளை வீட்டில் இருந்தால் மட்டும் நீங்கள் முதலில் தனியாகப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

படம் கொஞ்சம் மெதுவாகப் போகிறதே? இதற்கா இவ்வளவு பேச்சு?

முதல் சில நிமிடங்கள் மெதுவானவைதான், மறைக்க ஒன்றுமில்லை. போர்க்கி உடுப்பு மாட்டுவதும் நாயோடு பேசுவதும் பழைய பாணி. மீன் பாட்டும் எனக்கு அலுப்புத்தான், நேரத்தை நிரப்ப வைத்தது போலிருக்கிறது. ஆனால் அந்த மெதுவான பகுதிகளைத் தள்ளிவிட்டு நேரே வாத்துக்குப் போகாதீர்கள். அன்றைய பார்வையாளர் எதைப் பார்த்துப் பழகியிருந்தார் என்பதை அந்த நிமிடங்கள்தான் சொல்கின்றன. அதற்கு நடுவில் வாத்து புகுந்தால்தான் அந்த அதிர்ச்சி நமக்கும் கொஞ்சம் கிடைக்கும்.

ஒரே ஒரு முறைதான் பார்ப்பேன் என்றால் எதைக் கவனிக்க?

வாத்து பதில் சொல்லிவிட்டு ஓடிய பிறகு போர்க்கியைக் கவனியுங்கள். அவன் கையில் இன்னும் அந்தக் காகிதம் இருக்கிறது.